கொழுப்பு யாருக்கு?

ஆரணிக்காரரிடம் போலிப் பட்டைத் தள்ளிவிட முடியாது. புடவை ஓரத்தில் ஓர் இழையை உருவுவார், தீக்குச்சியை உரசுவார், மூக்கருகே கொண்டுபோவார். முடி கருகும் வாசனை வந்து, விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிர்ந்தால் பட்டு. பிளாஸ்டிக் நாற்றம் அடித்து நுனி உருண்டு கெட்டியானால் பாலியஸ்டர். ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் பக்கம் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்த பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்த வித்தை தெரியும்.

அதே ஆரணிக்காரர் அதே கையால் ஒரு டப்பாவைத் திருகித் திறந்து, எந்த ஊரில் எவன் அடைத்தான் என்று தெரியாத பச்சை நிற கேப்சூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார். சுரண்டுவதில்லை, மோந்து பார்ப்பதில்லை. ‘முப்பது நாளில் பத்து கிலோ’ என்று டப்பா மேலேயே அச்சடித்திருக்கிறானே, அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

புடவை விஷயத்தில் அரசாங்கமும் லேசுப்பட்டதல்ல. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது. சுத்தப் பட்டுதான் என்று சொல்ல 2004 முதல் ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கிறது. கைத்தறிக்கு ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் ஓட்டினால் ஆறு மாதம்வரை சிறை என்று 1985-இல் ஒரு சட்டமே எழுதிவைத்தார்கள். விசைத்தறிக் கூடங்களுக்குள் நுழைந்து சோதனை போட அதிகாரிகளை நியமித்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. புடவைக்கு இவ்வளவு காவல் போட்டவர்கள், புடவைக்குள் இருக்கிற உடம்புக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் கடைப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறைந்த மத்தியான நேரம். தாயும் மகளும் வருகிறார்கள்.

“ண்ணா, ஒடம்பு எளைக்க மாத்திர ஒண்ணு வந்துருக்காமே?”

“எத்தினி கிலோ எளைக்கணும்மா?”

அரிசி மண்டியில்கூட இவ்வளவு சுளுவாகக் கேட்க மாட்டார்கள். ஆரணி அரிசிக்கும் பேர்போன ஊர், அதனால் கிலோக் கணக்கு எல்லாக் கடைக்கும் தொற்றிவிட்டது போலும்.

“கல்யாணத்துக்கு ஒண்ணரை மாசந்தான் இருக்குது. பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்கான்னு மாப்ள வூட்ல ஒரு பேச்சு. ஒரு பத்து கிலோ கொறைஞ்சா…”

“ரெண்டு டப்பாவா எடுத்துக்கம்மா. முழுக்க மூலிகை. சைடு எஃபெக்ட்டே கெடயாது.”

“நானும் போடலாமா? சுகர் மாத்திர போட்டுனு இருக்கேன்.”

“அதுக்கு இன்னாம்மா, அது வேற, இது வேற.”

“பில்லு?”

“பில்லு எதுக்கும்மா? பில்லு போட்டா ஜி.எஸ்.டி. ஏறும்.”

இந்தப் பேச்சு ஆரணியில் மட்டும் நடப்பதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வேலூரில் போய்க் கேளுங்கள், திருப்பூரில் கேளுங்கள், வார்த்தை மாறும், விவரம் மாறாது. ரத்த அழுத்தம் உண்டா, இதயத்தில் கோளாறு உண்டா, தைராய்டு உண்டா, கர்ப்பமா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்ற ஐந்து கேள்வியில் ஒன்றுகூட அந்தக் கவுன்டரைத் தாண்டி வராது. அதே கடையில் இன்னோர் அலமாரியைப் பாருங்கள். ஒல்லியாக இருக்கிறவர்கள் ‘சதை போட’ டானிக் அடுக்கியிருக்கும். பசியைக் கிளப்பும் அலர்ஜி மாத்திரை முதல் ஸ்டீராய்டு வரைக்கும் அந்த வேலைக்குப் போகிறது. இடது பக்கம் ஏற்றுகிறார்கள், வலது பக்கம் இறக்குகிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் பெண் பிள்ளைகளின் உடம்பு சரியில்லை என்பதில் மட்டும் இரண்டு அலமாரிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

டப்பாவைக் கையில் வாங்கிப் பார்ப்போம். முன்பக்கம் இரண்டு படம். ஒன்றில் தொப்பை, மற்றொன்றில் தொப்பை இல்லை. தலை இரண்டிலும் இல்லை. ஒரே ஆள்தானா என்று கேட்க வழியில்லாமல் கழுத்தோடு வெட்டியிருக்கிறார்கள். கீழே ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று கொட்டை எழுத்து. திருப்பினால் எறும்பு எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி துணை உணவு என்று விற்பவன் அந்த வரியைப் போட்டே ஆக வேண்டும். போட்டுவிட்டான், சட்டம் குளிர்ந்துவிட்டது. அதற்கும் கீழே ஒரு நட்சத்திரக் குறி: உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சாப்பிட்டால் பலன் தெரியும். அரிசிச் சோற்றைக் குறைத்து, கோட்டை மைதானத்தைத் தினம் நாலு சுற்று சுற்றினால் பூவரச இலையை மென்றாலும் பலன் தெரியுமே! நடப்பவள் இவள், வியர்ப்பது இவளுக்கு, கூலி மட்டும் கேப்சூலுக்கு. அந்தக் கூலியும் கொஞ்சமல்ல. தறியில் உட்கார்ந்து மிதி மிதித்துச் சம்பாதித்த சில நாள் கூலி ஒரே டப்பாவில் போய்விடுகிறது.

உள்ளே என்ன இருக்கிறது? அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றும் இருக்காது. கொடம்புளிச் சாறு என்று எழுதியிருந்தால், அது மலையாளத்தார் மீன் குழம்புக்குப் போடுகிற அதே புளிதான். அது எடையைக் குறைக்கிறதா என்று 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்து, 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள் கூடுதலாக இளைக்கவில்லை. மீன் குழம்பாவது வைத்திருந்தால் ருசி மிஞ்சியிருக்கும். அதே புளியைச் சுண்டக் காய்ச்சிக் கேப்சூலில் அடைத்து மாதக்கணக்கில் விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டுப்போனதும் மருத்துவ ஏடுகளில் இருக்கிறது. நிலாவாரைப் பொடி என்றால் பேதி. எடை மெஷினில் இரண்டு கிலோ குறையும், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். மெஷின் ஏமாறும், கொழுப்பு ஏமாறாது.

அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் உள்ளே நிஜமாகவே மருந்து இருக்கும். சிபுட்ரமின் என்று ஒன்று. பசியை அடக்கும், கூடவே மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டி வரும் என்று தெரிந்ததால் 2010-இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள், 2011-இல் இந்தியாவிலும் தடை. தடை செய்தால் மருந்து செத்துவிடும் என்றா நினைக்கிறீர்கள்? அது தாடி வளர்த்துக் காவி கட்டிக்கொண்டு மூலிகை என்ற பெயரில் திரும்பி வந்தது. ‘முற்றிலும் இயற்கை’ என்று விற்ற மாத்திரைகளுக்குள் அதைத்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வருஷா வருஷம் கண்டுபிடித்துப் பட்டியல் போடுகிறது. ‘சாப்பிட்டதும் பசியே எடுக்கல, நெஞ்சு மட்டும் படபடன்னு அடிச்சுக்குது, மருந்து வேலை செய்யுதுக்கா’ என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்.

ஆர்லிஸ்டாட் கதை வேறு. இது யோக்கியமான மருந்து, ஒளித்து விற்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1999-இல் அனுமதி. 2007 முதல் பாதி அளவில் டாக்டர் சீட்டில்லாமலும் விற்கிறார்கள். இந்தியாவில் சீட்டு வேண்டும் என்று சட்டம் கேட்கிறது, கடை கேட்பதில்லை. தின்ற கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் குடல் உறிஞ்ச விடாது. உறிஞ்சாத கொழுப்பு எங்கே போகும்? போக வேண்டிய வழியில்தான் போகும், எண்ணெயாக, சொல்லாமல் கொள்ளாமல். அமெரிக்காவில் இதை விற்ற கம்பெனியே கறுப்பு பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள், ஆபீசுக்கு மாற்றுத்துணி எடுத்துப் போங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதிக் கொடுத்தது. கறுப்பு பேன்ட்டுக்கு நாம் எங்கே போவது? அரக்குச் சிவப்பில் அகல ஜரிகை போட்ட முகூர்த்தப் பட்டைக் கட்டி மணையில் உட்காரப் போகிற பெண்ணிடம், முந்தின ராத்திரி ரிசப்ஷன் விருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டு மாத்திரையும் போட்டவளிடம், இந்த அறிவுரையை யார் சொல்வது? கடைக்காரர் சொல்லவில்லை. சாயம் போகாது என்று உத்தரவாதம் கொடுத்து நெய்தவர் இந்தக் கறைக்குப் பொறுப்பேற்க முடியாது. இத்தனை கூத்துக்கும் பலன், ஒரு வருஷம் விழுங்கி, சாப்பாட்டையும் கட்டுப்படுத்தினால், வெறும் மாத்திரை போட்டவரைவிட இரண்டு மூன்று கிலோ கூடுதலாகக் குறையும். கொழுப்போடு சேர்ந்து ஏ, டி, இ, கே வைட்டமின்களும் நழுவும்.

இந்த வைட்டமின் சங்கதியை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றி இரண்டு எண் சொல்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எடையும் கூடி ரத்தமும் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் தெருவிலேயே எண்ணிக்கொள்ளலாம். சோறு நிறைய, பருப்பு கொஞ்சம், கீரை எப்போதாவது, உட்கார்ந்த இடத்தில் பத்து மணி நேர வேலை. உடம்பு ஊதியது இப்படித்தான். பருமனால் சர்க்கரை வரும், முட்டி தேயும், மூச்சு வாங்கும். அதைச் சரிசெய்ய நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ரத்தமே இல்லாத உடம்பிலிருந்து எதைக் கரைக்கப் போகிறாய் என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிறது. அது வரும் வீட்டில், அதே அலமாரியில், அதே மாத்திரைக்குப் பக்கத்தில் இந்தப் பச்சை டப்பாவும் இருக்கிறது.

சாயப்பட்டறை உள்ள ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கதை சொல்ல வேண்டும். டைநைட்ரோபீனால் என்று ஒரு மஞ்சள் தூள். பட்டுக்கு அல்ல, பருத்திக்குப் போடும் சல்பர் கறுப்புச் சாயம் செய்ய மூலப்பொருள். வெடிமருந்துக்கும் ஆகும். முதல் உலகப் போரில் பிரான்சின் குண்டுத் தொழிற்சாலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் ஜுரமும் வியர்வையுமாக இளைத்தார்கள், சிலர் செத்தார்கள். இதைப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றும்? முகமூடி கொடு, ஜன்னல் வை என்று தோன்றும். புத்திசாலிகளுக்கு வேறொன்று தோன்றியது. ‘ஆஹா, இளைக்கிறார்களே!’ 1933-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்குப் பிறகு அமெரிக்காவில் இது சீட்டே இல்லாமல் மெலிவு மாத்திரையாக விற்றது. ஒரு லட்சம் பேராவது விழுங்கியிருப்பார்கள் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. உடம்பு உள்ளிருந்தே அடுப்பாக எரிந்தது. இளம்பெண்களுக்குக் கண்ணில் புரை விழுந்தது. 1938-இல் புதிய சட்டம் வந்த பிறகுதான் கடையை மூடினார்கள். சாயத்துக்கும் குண்டுக்கும் ஆகிற பொருளை மனிதர்களை இளைக்கவைக்க விற்றது நூறு வருஷம் ஆகாத சரித்திரம். இணையத்தில் அந்தத் தூள் இன்றும் அகப்படுகிறது. இங்கிலாந்தில் 2015-இல்கூட அதைத் தின்று ஓர் இளம்பெண் இறந்தாள்.

அது வெள்ளைக்காரன் பைத்தியம், நம் ஊரில் அப்படி நடக்காது என்று யாராவது நெஞ்சை நிமிர்த்துவதற்குள் மதுரைக்கு வந்துவிடுகிறேன். 2026 ஜனவரி. 19 வயதுக் கல்லூரி மாணவி. வெங்காரம் சாப்பிட்டால் கொழுப்பு உருகி உடம்பு மெலியும் என்று ஒரு யூடியூப் வீடியோ சொன்னது. நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டாள். வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். செத்துப்போனாள்.

வெங்காரம் என்பது போராக்ஸ். தங்கம் பற்றவைக்கும்போது பத்தர் தடவுவது. உணவில் சேர்க்கவே கூடாது என்று நாட்டில் தடை. சித்த மருத்துவத்தில் அது உண்டு என்று சொல்வார்கள். உண்டுதான், படித்த வைத்தியர் சுத்தி செய்து, அளந்து, ஆள் பார்த்துக் கொடுப்பது ஒன்று. கேமரா முன்னால் உட்கார்ந்து, நாடி பிடிக்காமல், முகம்கூடப் பார்க்காமல், லட்சம் பேருக்கு ஒரே வேளையில் மருந்து சொல்வது கொலைக்கு முன்பணம் வாங்குவது. பார்வைக்கு இவ்வளவு என்று யூடியூப் கம்பெனி காசு அனுப்புகிறது அல்லவா, அந்தப் பிள்ளை பார்த்த பார்வைக்கும் கணக்கில் வரவு விழுந்திருக்கும்.

செய்தி வந்ததும் ஊர் என்ன சொன்னது? ‘வீடியோ பார்த்து எவளாவது தின்பாளா? புத்தி வேணாம்?’ கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போச்சு என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அதைக் கண்டுபிடித்தவன் நிச்சயமாக அந்த நெய்யை விற்றவனாகத்தான் இருப்பான். விற்றவனைக் கேட்காதே, வாங்கினவளை வை என்று எவ்வளவு அழகாகத் திருப்பிவிட்டான் பாருங்கள்! மாதம் முப்பது சதவீத வட்டி தருகிறேன் என்று ஆருத்ரா என்ற நிதி நிறுவனம் சொன்னபோதும் இதே பழமொழியைத்தான் சொன்னோம். சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் போன பிறகு பணம் போட்டவர்களைப் பார்த்துச் சிரித்தோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நேரு பிரதமராக இருந்த 1954-லேயே மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் வந்துவிட்டது. எந்தெந்த நோயைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் 54 நோய்களின் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உடல் பருமன் இருக்கிறது. முதல் தடவை ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம், மறுபடி செய்தால் ஒரு வருஷம்வரை. மருந்து, அழகுசாதன விதிகளின் ஜே அட்டவணையிலும் அதே பருமன் இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ், லோக்கல் கேபிளில் கீழே ஓடும் வரி, ஆட்டோ முதுகில் தொங்கும் தட்டி எல்லாம் இந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். சட்டத்துக்குத்தான் கண் இல்லை.

ஒருவர் புகார் கொடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஆய்வாளர் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பார். ‘இதில் உணவுத் துறை உரிம எண் பதினாலு இலக்கம் போட்டிருக்கிறதே, இது மருந்தே இல்லை, உணவு. அங்கே போங்க.’ உணவுப் பாதுகாப்பு அலுவலர் முன்பக்கத்தைப் பார்ப்பார். ‘கொழுப்பைக் கரைக்கும் என்கிறானே, இது மருந்தாச்சே. அங்கே போங்க.’ மூலிகை என்றும் எழுதியிருப்பதால் இருவருமாகச் சேர்ந்து இந்திய மருத்துவத் துறைக்கு அனுப்புவார்கள். அங்கே ‘தயாரித்தவன் வேறு மாநிலம்’ என்பார்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் பஸ் ஏறி இறங்கியதில் புகார் கொடுத்தவருக்கு நாலு கிலோ குறைந்திருக்கும். பக்கவிளைவே இல்லாத ஒரே மெலிவு வைத்தியம் இதுதான்.

உணவாக விற்றுப் பொய் விளம்பரம் செய்தால் பத்து லட்சம்வரை அபராதம் போட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரத்துக்கு முன்அனுமதி வேண்டும் என்று 2018-இல் 170-ஆம் விதி வந்தது. ஐந்து வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், அந்த விதியின்கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பூட்டையும் தானே வாங்கி, சாவியையும் தானே திருடனிடம் கொடுக்கும் வீட்டுக்காரரை டெல்லியில்தான் பார்க்கலாம். மறு வருஷம் பதஞ்சலி மீதான விளம்பர வழக்கில் உச்ச நீதிமன்றம், விளம்பரம் கொடுத்த அளவுக்கே மன்னிப்பும் பெரிசாகக் கொடுத்தாயா என்று கேட்கும் நிலை வந்தது.

அதிகாரிகள் வேலையே செய்வதில்லை என்று சொன்னால் பாவம். செய்வார்கள். ஆனால் பிணம் விழ வேண்டும். 2021 செப்டம்பரில் இதே ஆரணியில் ஓட்டல் பிரியாணியும் தந்தூரியும் சாப்பிட்டுப் பத்து வயதுச் சிறுமி இறந்தாள், பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். மறுநாளிலிருந்து பார்க்க வேண்டுமே! ஓட்டல் ஓட்டலாகச் சோதனை, கெட்டுப்போன கறி பறிமுதல், சீல், கேமராவுக்கு முன்னால் பினாயில். அந்தக் கறி அந்தச் சிறுமி சாப்பிடுவதற்கு முன்தினமும் அங்கேயேதான் இருந்தது. அதுவாவது ஓட்டல். நாலு வருஷம் கழித்து, ஆரணியிலிருந்து சென்னை போகிற வழியில் இருக்கும் சுங்குவார்சத்திரத்தில் உரிமம் வாங்கிய கம்பெனி காய்ச்சிய இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் விஷம் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். ஆய்வுக்கே போகாமல் இருந்ததற்காக மருந்து ஆய்வாளர்கள் இருவர் சஸ்பெண்டு. டாக்டர் எழுதிக் கொடுக்கிற, உரிமம் உள்ள, குழந்தைக்குக் கொடுக்கிற மருந்தின் லட்சணம் இது. ஊர் பேர் இல்லாத மெலிவு கேப்சூலை எவன் திறந்து பார்க்கப் போகிறான்?

எனக்கு ஆற்றாமை வேறோர் இடத்தில். உலகத்தில் அளவு கேட்காத உடுப்பு ஒன்று உண்டென்றால் அது புடவை. ஐந்தரை மீட்டர். ஒல்லியானவளுக்கு இரண்டு கொசுவம் கூட வரும், பருத்தவளுக்கு இரண்டு குறையும், அவ்வளவுதான். எஸ், எம், எல் என்று கழுத்தில் முத்திரை குத்தி யாரையும் தரம் பிரிக்காத அந்தத் துணியைத் தலைமுறை தலைமுறையாக நெய்து உலகத்துக்கு அனுப்பும் ஊர், தன் பெண்ணை மட்டும் எம்முக்குள் திணிக்க இரண்டு டப்பா மாத்திரை வாங்குகிறது. மாப்பிள்ளை வீட்டில் ‘பூசினாப்பல’ என்றவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். வயிற்றுக்குக் கீழே பெல்ட்டைக் கட்டியிருக்கும் ஒரு மாமாவாகத்தான் இருப்பார். அவருக்கு எந்தக் கடையிலும் யாரும் டப்பா நீட்டுவதில்லை. தமிழ்நாட்டு ஆண்களில் 37 சதவீதம் பேருக்கு எடை அதிகம் என்று அதே ஆய்வு சொல்கிறது, ஆனால் ஆணின் தொப்பை குடும்பத்துக்குச் செழிப்பு. பெண்ணின் இடுப்பு குடும்பத்துக்குக் கவலை. இந்தக் கவலையில்தான் கம்பெனிக்காரன் கொழுக்கிறான். காலையில் ஷேக் கலக்கிக் கொடுத்து ‘வெல்னஸ் கோச்’ என்று அட்டை நீட்டுகிறவரும் இதே கவலையில் பிழைக்கிறவர்தான். போன வருஷம்வரை சீட்டுக் கம்பெனிக்கு ஆள் பிடித்தார், இந்த வருஷம் கல்லீரல் பற்றி வகுப்பு எடுக்கிறார்.

இப்போது ஊசி வந்திருக்கிறது. மவுன்ஜாரோ 2025 மார்ச்சில், வெகோவி அதே வருஷம் ஜூனில். செமாகுளூட்டைடின் காப்புரிமையும் 2026 மார்ச்சில் இந்தியாவில் முடிந்துவிட்டதால் உள்ளூர்க் கம்பெனிகளுக்கும் கதவு திறந்தாயிற்று. இவை நிஜமாகவே எடையைக் குறைக்கும். டாக்டர் பார்த்து, அளவு கூட்டி, கூடவே இருந்து கவனித்தால் நோயாளிக்கு நன்மை. எனக்கு அங்கேதான் பயம். ஒன்றுமே இல்லாத கேப்சூலையே ‘எத்தினி கிலோ’ என்று கேட்டு விற்றவர்கள், வேலை செய்கிற மருந்து கைக்கு மலிவாக வந்தால் எப்படி விற்பார்கள்? அப்போதும் பில் கேட்டால் ஜி.எஸ்.டி. ஏறும்.

ஆகவே மருந்து ஆய்வாளர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், ஆயுஷ் அதிகாரி எல்லோருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலும் கல்யாணம் வரும். முகூர்த்தப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு ஆரணிக்கு வருவீர்கள். கடைக்காரரும் அதிகாரி என்று தெரிந்து ஜரிகையைச் சுரண்டியே காட்டுவார். புடவையை எடுத்து முடித்ததும், சிரமம் பார்க்காமல், நாலு கடை தள்ளியிருக்கும் மெடிக்கல் ஷாப்புக்கு உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியை அனுப்பி ‘ஒடம்பு எளைக்க மாத்திர இருக்குதா’ என்று கேட்கச் சொல்லுங்கள். சீட்டு கேட்க மாட்டார்கள். டப்பாவை வாங்கிக்கொண்டு பில் கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள். வழக்கை அந்தக் கவுன்டரிலேயே எழுத ஆரம்பிக்கலாம். அதற்கு இன்னொரு பிள்ளை சாக வேண்டியதில்லை.